தக்கையாய்ப் போன ஜாக்கெட்

யசுஜியின் வீட்டுக்குள் நுழைந்த எந்தப் பொருளும் தன் சொந்த வேலையைச் செய்து செத்ததாகச் சரித்திரம் இல்லை. குடை வாங்கினால், அடுத்த மழை வருவதற்குள் அதன் கம்பிகள் பிடிவலைக்கு வளையமாகியிருக்கும். நூடுல்ஸ் தின்ற குச்சி, மீனின் தொண்டைக்குள் போன தூண்டில் முள்ளைக் கழற்றும் கருவியாகிவிடும். மனைவி கிமியேயின் நைலான் காலுறைக்குள் இரையைக் கட்டித் தொங்கவிடுவார். துணி காயப்போடும் கிளிப்பில் ஒரு மணியைக் கட்டித் தூண்டில் கழியின் நுனியில் மாட்டுவார். மீன் கடித்தால் மணி அடிக்கும். அந்த மணிக்குச் சொந்தக்காரப் பூனை, அதற்குப் பிறகு அவரைத் தெருமுனையில் கண்டாலே கூரைக்கு ஏறிவிடும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று பஸ் கம்பெனி கொடுத்த சுவர்க் கடிகாரத்தை, வீடு வந்து சேர்வதற்குள் பஸ்ஸிலேயே பிரித்துப் பல்சக்கரத்தைத் தூண்டில் ரீலுக்கு எடுத்துக்கொண்டார் என்று ஊரில் சொல்வார்கள். அது அபாண்டம். கடிகாரம் ஒரு வாரம் சுவரில் தொங்கியது.

ஆனால் அவர் புகழ் குடையிலும் குச்சியிலும் இல்லை. தக்கையில் இருந்தது. யசுஜி செதுக்கிய தூண்டில் தக்கை அந்தத் துறைமுகத்தில் ஒரு அதிசயம். நுரை பொங்கும் தண்ணீரில் போட்டால், நில் என்ற இடத்தில் நிற்கும். மீன் இரையை முகர்ந்து பார்த்தாலே தலையாட்டும். மீன் இரையைப் பற்றி யோசித்தாலே தலையாட்டும் என்று சொன்னவர்களும் உண்டு. "இது என்ன மரம்?" என்று மீன்பிடி சங்கத்தில் ஒருநாள் கேட்டபோது, யசுஜி கூச்சமே இல்லாமல் சொன்னார்: "மலைக்கோயில் வளாகத்துல இடி விழுந்துச்சே, கிரின்னு லேசான மரம், அதுல ஒரு துண்டு." அன்று முதல் சிலர் தக்கையைக் கடலில் வீசுவதற்கு முன் கும்பிட ஆரம்பித்தார்கள்.

மரமும் இல்லை, இடியும் இல்லை. ஓய்வு பெற்றபோது கிமியே சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரு லைஃப் ஜாக்கெட் வாங்கிக் கொடுத்தாள். சிவப்பு நிறம், கடையிலேயே விலை கூடியது. ஒரு மழை நாளில் பொழுது போகாமல் யசுஜி அதன் உள்பையைத் திறந்து பார்த்தார். உள்ளே ஆமை ஓடு மாதிரி தடித்த நுரைப் பலகைகள். நகத்தால் அழுத்தினார். பள்ளம் விழுந்து, உடனே எழுந்தது. எடையே இல்லை. துளித் தண்ணீர் குடிக்கவில்லை. அந்த நிமிடம் அவருக்கு ஏற்பட்ட மோகம், கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட ஏற்பட்டதில்லை.

பலகைகள் தக்கைகளாயின. வெற்று ஜாக்கெட்டைப் பார்த்தால் கிமியே என்ன செய்வாள் என்று அவருக்குத் தெரியும். அதனால் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சுகளை ஒரு மூட்டை வாங்கி வந்து, உள்ளே திணித்துத் தைத்துக் கொட்டகை ஆணியில் மாட்டிவிட்டார். "விசேஷத்துக்குப் போடுறது இது. தினம் போட்டா கலர் போயிடும்" என்றார். தனக்கு ஒரு பழைய சாம்பல் நிற ஜாக்கெட்டை வைத்துக்கொண்டார். ஸ்பாஞ்சு தண்ணீரைக் குடிக்கும் சாதி என்பதை அவர் யோசிக்காமல் இல்லை. அதைப் போட்டுக்கொண்டு யார் கடலில் விழப்போகிறார்கள் என்று யோசித்தார்.

ஜனவரிக் குளிரில் கூரே மீன் கொழுத்துப் பாறையோரம் ஒதுங்கும். அப்போது அந்த ஊர்க் கிழவர்களை வீட்டில் கட்டிப்போட முடியாது. கேப்டன் மிசாவோ என்ற பெண் ஓட்டும் படகு விடியும் முன்னே அவர்களை ஏற்றிப் போய், நடுக்கடலில் நிற்கும் பாறைகளில் இரண்டிரண்டு பேராக இறக்கிவிடும். மத்தியானம் வந்து திரும்ப ஏற்றும். நடுவில் வீடு திரும்ப வேண்டுமென்றால் மீனாகப் பிறந்திருக்க வேண்டும்.

அன்று யசுஜிக்கு ஜோடி, கென்சோ. பள்ளிக்கூட நாளிலிருந்தே நண்பர். துறைமுகத் தெருவில் முடிதிருத்தகம் வைத்திருப்பவர். ஊரில் யாருக்கு என்ன நடந்தாலும், கென்சோ ஒரு தலையைக் கழுவி முடிப்பதற்குள் அது அடுத்த ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

படகில் ஏறிய யசுஜி, முன்விளக்கின் அடியில் நின்ற கென்சோவைப் பார்த்துக் கால் நகராமல் நின்றார்.

"என்னடா யசு, பேயைப் பார்த்த மாதிரி பார்க்குற?"

"அது... அது எப்படிடா உன்கிட்ட?"

கென்சோ சிவப்பு ஜாக்கெட்டின் நெஞ்சைத் தட்டிக்காட்டினார். "என்னோடதுல ஜிப்பு பல்லு போச்சு. நேத்து உன் வீட்டுக்கு வந்தேன், நீ இரை வாங்கப் போயிருந்தே. பழசு ஏதாவது இருக்குமான்னு உன் வீட்டம்மாகிட்ட கேட்டேன். 'பழசு எதுக்கு? இவரு இதைச் சாமி படம் மாதிரி ஆணியில மாட்டி வெச்சிருக்காரு, நீங்களாவது போடுங்க'ன்னு எடுத்துக் கொடுத்துட்டாங்க. மகராசி! பஞ்சு மாதிரி இருக்குடா."



"பெருசுங்களா!" மிசாவோவின் ஒலிபெருக்கி அலறியது. அந்தக் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. படகுக் கம்பெனியில் கொடுத்துவிட்டார்கள் என்பதற்காக உபயோகித்தாள். "தொடைக்கு நடுவுல போற பட்டையை மாட்டுங்க! மாட்டாம விழுந்தா ஜாக்கெட் மட்டும்தான் கரைக்கு வரும். இன்னைக்குப் பத்து மணிக்கு மேல அலை ஏறும். நான் கூப்பிட்டா மூட்டையைக் கட்டணும். 'இப்பதான் கடிக்குது கேப்டன்'னு எவனாவது சொன்னீங்க, அங்கயே விட்டுட்டுப் போயிடுவேன்!"

அவள் முதுகுக்குப் பின்னால், கேபின் கதவோரம், ஆரஞ்சு நிற உபரி ஜாக்கெட்டுகள் வரிசையாகத் தொங்கின. கையை நீட்டினால் எட்டும் தூரம். ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.

யசுஜி வாயைத் திறந்தார். அதே நேரம் பக்கத்து பெஞ்சில் சங்கத்து ஆள் ஒருவர், வெளியூரிலிருந்து புதிதாக வந்தவருக்குத் தக்கையைக் காட்டிக்கொண்டிருந்தார். "இடி விழுந்த மரமுங்க. அதோ, அவருதான் செதுக்கினது." வெளியூர்க்காரர் எழுந்து நின்று யசுஜிக்குக் குனிந்து வணக்கம் வைத்தார். யசுஜியும் குனிந்தார். நிமிர்ந்தபோது அந்த வாக்கியம் தொண்டையில் இல்லை.

"கென்சோ, அந்த ஆரஞ்சு கலர் உனக்கு எடுப்பா இருக்கும்டா."

"நான் என்ன கல்யாணத்துக்கா போறேன்?"

அத்துடன் படகு கிளம்பிவிட்டது.

அவர்களுக்கு வாய்த்தது ஆமைமுதுகுப் பாறை. படகின் மூக்கில் கட்டிய டயரைப் பாறையில் அழுத்தி மிசாவோ எஞ்சினை முறுக்க, இருவரும் சாமான்களைத் தூக்கிப்போட்டுத் தாவினார்கள். யசுஜியின் ரப்பர் பூட்ஸின் அடியில் பழைய கால்ஃப் ஷூவிலிருந்து பிடுங்கிய ஆணிகள் கறுக் கறுக்கென்று பாறையைக் கடித்தன.

ஆமைமுதுகில் மீன்பிடிக்க நல்ல இடம் ஒன்றே ஒன்றுதான். தென்கோடியில் தண்ணீருக்குமேல் நீண்டிருக்கும் முனை. அதை மூக்கு என்பார்கள். நீரோட்டம் அங்கேதான் முட்டித் திரும்பும். மீனும் அங்கேதான் திரும்பும். அலையும் அங்கேதான் ஏறும். யார் முதலில் மூக்கில் நிற்பது என்று கையால் கல், கத்திரி, காகிதம் காட்டிப் பார்ப்பார்கள். பிறகு அவ்வப்போது இடம் மாறிக்கொள்வார்கள். கடனைத் திருப்பிக் கொடுக்காதவனோடுகூட அந்த ஊரில் சேர்ந்து குடிப்பார்கள். மூக்கை விட்டுக்கொடுக்காதவனோடு ஒரே வண்டியில் ஏறமாட்டார்கள்.

யசுஜி கல் காட்டினார். கென்சோ கத்திரி காட்டித் தோற்றார். தொழில் பழக்கம், எப்போதும் அதைத்தான் காட்டுவார்.

ரொட்டித் தூளில் கூனி இறாலும் பூண்டுத் தூளும் கலந்து கரண்டியால் கடலில் வீசியபடி, யசுஜி கணக்குப் போட்டார். கென்சோ விழாவிட்டால் ஸ்பாஞ்சு ஜாக்கெட்டும் ஜாக்கெட்தான். விழாமல் பார்த்துக்கொண்டால் போயிற்று. மூக்கில் அவனை நிற்கவிடக் கூடாது. பின்னால் மேட்டில் நிற்கட்டும். மத்தியானம் படகு வரும். வீட்டுக்குப் போனதும் அந்தச் சனியனைப் பிடுங்கிக் கொளுத்திவிடலாம்.

இடையில் இன்னொரு யோசனையும் தோன்றியது. "டேய், ஜாக்கெட்டை மாத்திக்கலாமா? இது எனக்கு அக்குள்ல இறுக்குது."

"ஓஹோ!" கென்சோ சிரித்தார். "பெண்டாட்டி வாங்கிக் கொடுத்ததை அடுத்தவன் போட்டிருக்கானேன்னு பொறுக்கலையா? பை முழுக்க முள்ளும் ஈயமும் ரொப்பிட்டேன், கையெல்லாம் கூனி நாத்தம். சாயங்காலம் துவைச்சே கொடுக்குறேன், போ."

"துவைக்க வேணாம்" என்றார் யசுஜி அவசரமாக.

"ஏன்?"

"சும்மாதான்."

சொல்லியிருக்கலாம். பாறையில் அவர்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. ஆனால் கென்சோவிடம் சொல்வதும், மிசாவோவின் ஒலிபெருக்கியில் ஊரைக் கூட்டிச் சொல்வதும் ஒன்று. நாளைக் காலை முதல் வாடிக்கையாளரின் தலை நனையும்போதே, இடி விழுந்த மரம் ஜாக்கெட் நுரையாகிவிடும். கும்பிட்டவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். கிமியே சிரிக்கமாட்டாள்.

சூரியன் ஏறியது. யசுஜி கொழுத்த கூரே இரண்டு பிடித்தார். கென்சோ மேட்டிலிருந்து வீசி, பெயர் சொல்லக் கூசும் அளவுக்குச் சின்ன மீன்களாகப் பிடித்துத் திரும்ப வீசிக்கொண்டிருந்தார். அவர் கழியில் ஆடியதும் யசுஜியின் தக்கைதான்.

"சரி, மாத்துவோம். நகரு" என்று கழியைத் தூக்கிக்கொண்டு வந்தார் கென்சோ.

"இன்னும் கொஞ்ச நேரம்."

"சரி."

கொஞ்ச நேரம் போயிற்று. கென்சோ தொண்டையைக் கனைத்தார். யசுஜி திரும்பவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் போயிற்று.

"யசு, விளையாடுறியா?"

"இங்க வழுக்குதுடா. உன் பூட்ஸுக்கு ஒத்துவராது."

"என் பூட்ஸா? நீதானேடா ஆணி அடிச்சுக் கொடுத்தே? உன்னோடதுல இருக்குற அதே ஆணி!"

உண்மைதான். யசுஜி தக்கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.  கென்சோவை இடிக்காத குறையாக, மூக்கின் அகலம் முழுவதற்கும் காலை அகட்டி நின்றார்.

"ஐம்பது வருஷம்" என்றார் கென்சோ மெதுவாக. சத்தம் போடும் ஆள் மெதுவாகப் பேசினால் கேட்கவே பயமாக இருக்கும். "ஐம்பது வருஷத்துல உன்னை எத்தனையோ கிறுக்கனாப் பார்த்திருக்கேன். அல்பமா இன்னைக்குத்தான் பார்க்குறேன்."

"கென்சோ, நான் சொல்றது என்னன்னா..."

"சொல்லு."

 கைப்பேசி அடித்து அவரைக் காப்பாற்றியது. அப்படித்தான் அவர் நினைத்தார். மிசாவோ.

"மேக்கால அலை ஏறுது, பெரியவரே. சீக்கிரமே வரவா?"

"வாங்க! உடனே வாங்க!" என்று கத்தினார் யசுஜி. அந்தப் பெண்ணின் இருபது வருடப் படகு வாழ்க்கையில் ஒரு தூண்டில்காரன் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. 

"உடம்புக்கு ஏதாவதா?"

"இல்ல, வாங்க."

"வடக்குப் பாறை ஆளுங்களை ஏத்திட்டு வரேன். மேட்டுக்கு ஏறி நில்லுங்க."

கைப்பேசியைப் பையில் வைத்துத் திரும்பியபோது கென்சோவின் முகம் வெளுத்திருந்தது. "காலையிலேருந்து மூக்கைப் பிடிச்சுக்கிட்டு நின்னே. இப்ப உனக்கு மீன் போதும், அதனால எனக்கும் போதும். அப்படித்தானே?"

"மேட்டுக்கு வாடா. அலை ஏறுதாம்."

"நீ ஏறு. உன் மீனோட ஏறு. படகு வர்ற வரைக்கும் நான் ஒரு மீனாவது பிடிக்கணும்."

கென்சோ மேட்டுக்குப் போகவில்லை. கிழக்கோரம் தாழ்ந்திருந்த படிக்கட்டு போன்ற திட்டில் இறங்கினார். மூக்கைவிடத் தாழ்வு. பாசி பிடித்த இடம். ஆணி அடித்த பூட்ஸ்கூட நின்று யோசிக்கும் இடம். மூக்கு மட்டும் கிடைத்திருந்தால் அந்த மனிதர் ஒருநாளும் அங்கே கால்வைத்திருக்க மாட்டார்.

"கென்சோ! ஏறுடா மேல!"

கென்சோ முதுகைக் காட்டிக்கொண்டு கழியை வீசினார்.

யசுஜி ஓடினார். ஆணிகள் பாறையில் பொறி பறக்க ஓடினார். "அந்த ஜாக்கெட்டு..." என்று தொடங்கினார். கடல் அந்த நேரம் மூச்சை உள்ளே இழுத்தது. திட்டுக்குக் கீழே அதுவரை பார்த்திராத பாறையெல்லாம் கறுப்பாகத் தெரிந்தது. பிறகு தண்ணீர் சத்தமே இல்லாமல் எழுந்து, கென்சோவின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு, அவரைத் தூக்கிப் போயிற்று.

கென்சோ கடலில் எழுந்தார். தொப்பி இல்லை, கழி இல்லை. சிவப்பு ஜாக்கெட் தெரிந்தது. பாறை மீன்பிடிப்பவர்களுக்குச் சங்கத்தில் வருடாவருடம் சொல்லிக்கொடுப்பது ஒன்றே ஒன்று: விழுந்தால் பாறையைப் பிடிக்காதே. பாறையில் அலை உன்னைத் தேங்காய் மாதிரி துருவிவிடும். காலால் உதைத்து வெளிக்கடலுக்குப் போ. மல்லாந்து படு. ஜாக்கெட் பார்த்துக்கொள்ளும். படகு வரும்.

கென்சோ அதையே செய்தார். பாறையை உதைத்து விலகினார். மல்லாந்து படுத்தார். கையை நெஞ்சின்மேல் கட்டிக்கொண்டார். யசுஜியைப் பார்த்து ஒரு கையைத் தூக்கி ஆட்டக்கூடச் செய்தார். பயப்படாதே என்பது போலவும் இருந்தது, போடா என்பது போலவும் இருந்தது.

தண்ணீர் காதுவரை இருந்தது. அடுத்த அலை வந்து போனபோது, கன்னம்வரை இருந்தது.

"அதுல மிதவை இல்லடா!" யசுஜி கத்தினார். "கென்சோ! ஜாக்கெட்டுல ஒண்ணும் இல்ல! ஸ்பாஞ்சுடா! நான்தான் வெட்டி எடுத்தேன்! ஸ்பாஞ்சு!"

காற்று எதிரே அடித்தது. கென்சோ காதில் கை வைத்துக் காட்டினார்.

"ஸ்பாஞ்சு! பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சு! மூழ்கிடுவேடா, திரும்பி வா!"

கென்சோவின் கை ஜாக்கெட்டின் நெஞ்சை அழுத்திப் பார்த்தது. அங்கிருந்து பார்த்த யசுஜிக்குக்கூட அது பிழிபட்டுத் தண்ணீர் விட்டது தெரிந்தது. நண்பனின் முகத்தில் அந்த நேரம் தோன்றியதை யசுஜி அதற்குப் பிறகு எந்தக் கண்ணாடியைப் பார்த்தாலும் பார்த்தார்.

குளிர்பெட்டியைத் தூக்கி எறிந்தார். காற்று அதைத் தட்டிக்கொண்டு போயிற்று. இரைப்பெட்டியை மூடி எறிந்தார். அதுவும் போயிற்று. கென்சோ குப்புறத் திரும்பி, அவ்வளவு கனத்தையும் இழுத்துக்கொண்டு, எங்கே போகக் கூடாது என்று வருடாவருடம் கேட்டாரோ அங்கே நீந்தி வந்தார். பாறைக்கு.

முதல் அலை அவரைத் திட்டின் அடியில் மோதியது. அங்கே கொட்டலசுச் சிப்பி அப்பிக் கிடந்தது. ஒவ்வொன்றும் உடைந்த கண்ணாடித் துண்டு. கென்சோ ஒரு வெடிப்புக்குள் வலக்கையைச் செருகிப் பிடித்துக்கொண்டார். அலை பின்வாங்கியபோது உடம்பு முழுவதும் அந்த ஒரு கையில் தொங்கியது. அடுத்த அலை அவரைத் தூக்கித் திருப்பி, மறுபடி தொங்கவிட்டது. கென்சோ கையை விடவில்லை. விட்டால் மிதக்க அவரிடம் எதுவும் இல்லை.

யசுஜி பிடிவலையை நீட்டினார். குடைக்கம்பியால் அவரே செய்த வளையம், கென்சோ இடக்கையால் பற்றியதும் வெள்ளரிப் பிஞ்சு மாதிரி ஒடிந்தது. கடைசியில், தண்ணீர் மொள்ளும் வாளியின் கயிற்றைப் பாறையில் சுற்றிக் கட்டி, மறுமுனையை வீசினார். கென்சோ அதை அக்குளில் சுற்றிக்கொண்டார். யசுஜி மல்லாந்து கிடந்து, ஆணிகளைப் பாறையில் ஊன்றி இழுத்தார். இழுத்தார் என்பதைவிட, போகவிடாமல் கிடந்தார் என்பதே சரி. ஜாக்கெட் பாதிக் கடலைக் குடித்திருந்தது.

படகு வந்தது. மிசாவோ படகின் முன்மூக்கால் பாறையை இடித்தே நிறுத்தினாள். கத்தியால் ஜாக்கெட்டின் பட்டைகளை அறுத்து, கென்சோவை மட்டும் உருவி மேலே போட்டாள். ஜாக்கெட் சத்தமில்லாமல் கீழே போயிற்று. கென்சோவின் வலக்கையை அவள் ஒரு தடவை பார்த்தாள். பிறகு துண்டால் சுற்றி, யாரும் பார்க்காதபடி தன் மடியில் வைத்துக்கொண்டாள். அன்று அவள் ஒலிபெருக்கியைத் தொடவில்லை.

ஊர் சிரிக்கவில்லை. யசுஜிக்கு அது பெரிய ஏமாற்றம் என்றுகூடச் சொல்லலாம். ஸ்பாஞ்சு விஷயம் மறுநாளே தெரிந்துவிட்டது; அவரேதான் எல்லோரிடமும் சொன்னார். ஆனால் சங்கத்தார் அவர் தோளைத் தட்டினார்கள். "அந்த நேரத்துல ஞாபகம் வந்து கத்துனீங்களே. இல்லைன்னா ஆளே கிடைச்சிருக்க மாட்டாரு" என்றார்கள். அவர் கிறுக்குத்தனத்தால் ஒரு விபத்து, அவர் சமயோசிதத்தால் ஓர் உயிர்: ஊர் கணக்கை நேர் செய்துவிட்டது.

கிமியே மட்டும் சாப்பிடவில்லை. "நான்தானே எடுத்துக் கொடுத்தேன்? என் கையாலதானே கொடுத்தேன்?" என்று அடுப்பின் முன் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு இரவுச் சாப்பாட்டின்போது கேட்டாள்: "ஏங்க, அவரு போட்டிருந்தது உங்களுக்குத் தெரியாதுல்ல?"

"இருட்டுல தெரியல" என்றார் யசுஜி.

மருத்துவமனையிலிருந்து கென்சோ வீடு வந்த பிறகும் பனி உருகும் வரை தள்ளிப்போட்டு, ஒருநாள் யசுஜி முடிதிருத்தகத்துக்குப் போனார். வாசலில், கடை நடந்தால் சுழலும் வண்ணக் கம்பம் சுழலவில்லை. கதவைத் தள்ளினார். கென்சோ வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தார். வலக்கை கறுப்பு உறைக்குள் இருந்தது. மூன்று விரல்கள் உறையை நிரப்பின. நிரப்பின, அவ்வளவுதான். அந்த மூன்றிலும் நரம்பு அறுந்துவிட்டது, மடக்க வராது.

"வா" என்றார் கென்சோ.

யசுஜி தலையைத் தரையில் வைத்து மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தார். முழங்காலை மடக்கவும் செய்தார்.

"அதெல்லாம் வேணாம், எழுந்திரு. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்." கென்சோ கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உனக்கு எப்போ தெரியும்?"

"என்னது?"

"நான் போட்டிருக்குறது அந்த ஜாக்கெட்டுன்னு. எல்லாரும் சொல்றாங்க, நான் விழுந்ததும் உனக்குச் சட்டுனு உறைச்சுதாம். நானும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன். ஆனா மூக்கை விட்டுத் தர மாட்டேன்னு நின்னியே, அது ஏன்னு யோசிச்சேன். ஆஸ்பத்திரியில யோசிக்க நேரம் நிறைய. எப்போ தெரியும்?"

ஸ்டவ்வின் மேல் கெட்டில் சீறிக்கொண்டிருந்தது. பதில் தயாராக இருந்தது. கிமியேயிடம் சொன்ன அதே பதில். கென்சோ அதை ஏற்றுக்கொள்ளத் தயாராக இருப்பதும் அந்த முகத்தில் தெரிந்தது. ஏறக்குறைய கெஞ்சியது அந்த முகம்.

"படகுல" என்றார் யசுஜி.

"என்னைத் தூக்கிப் போட்ட படகுலயா?"

"காலையில. நீ விளக்கடியில நின்னப்பவே. பார்த்ததும் தெரியும்."

"ஆரஞ்சு கலர் எடுப்பா இருக்கும்னு சொன்னே."

"ஆமா."

"பக்கத்துலதான் தொங்குச்சு."

"ஆமா."

 கென்சோ எழுந்து, நாற்காலியை யசுஜியின் பக்கம் திருப்பினார். "உட்காரு."

"கென்சோ, நான்..."

"உட்காருடா."

யசுஜி உட்கார்ந்தார். கென்சோ வெள்ளைத் துணியை அவர் கழுத்தில் சுற்றி, ஒரு முனையைப் பல்லால் கடித்து இடக்கையால் முடிச்சுப் போட்டார். நாற்காலியைச் சாய்த்தார். சுடுதண்ணீரில் நனைத்த துண்டைக் கண்ணின்மேல் போட்டார். சோப்பு நுரை தாடையில் பரவியது. ஒரு பக்கம் அதிகமாக, மறுபக்கம் திட்டுத் திட்டாக.

"இடது கையை டாக்டர் பழக்கச் சொன்னாரு" என்றது குரல் இருட்டுக்கு வெளியே. "பலூன்ல நுரை தடவிப் பழகினேன், தொழில் கத்துக்கிட்டப்ப பழகின மாதிரி. எல்லாம் வெடிச்சுது. ஆளுங்க யாரும் உட்கார மாட்டேங்குறாங்க. என் பெண்டாட்டிக்குத் தாடி இல்லை."

யசுஜி சிரிக்க முயன்றார்.

"அசையாதே. அசைஞ்சா எனக்கு நிறுத்தத் தெரியாது."

கத்தி தாடைக்குக் கீழே, துடிப்பு ஓடும் இடத்தில் வந்து தொட்டது. குளிர்ச்சியாக இருந்தது. அது நடுங்கியது. கென்சோவின் மூச்சு காதருகே வேகமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. யசுஜி நாற்காலியின் இரு கைகளையும் இறுகப் பற்றிக்கொண்டு, எச்சில் விழுங்காமல் கிடந்தார்.